62 சதவீதத்தில் விடிந்துவிடும் பேக்கப்

பேக்கப் விஷயத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்று கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு பழைய ஜோக் சொல்வார்கள். டேட்டாவைப் பறிகொடுத்தவர்கள் ஒரு வகை, இனிமேல் பறிகொடுக்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வகை ஒன்று விட்டுப்போய்விட்டது. தினமும் ஒழுங்காகப் பேக்கப் போட்டும் பறிகொடுத்தவர்கள். இவர்கள்தான் ரொம்பப் பாவம். பேக்கப்பே போடாதவரைத் திட்டலாம். போட்டவரை என்ன சொல்லித் திட்டுவது?

ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு மாடி வீடு. மாடியில் கணவர் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். தெருவே அவரை 'ஸ்டுடியோ அண்ணன்' என்கிறது. கீழே, ஹாலை ஒட்டிய அறையில் மனைவி மஞ்சள் மண்டி, ஜவுளிக்கடை என்று 20 பேருக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார். அவருக்குத் தெருவில் 'டேலி அக்கா' என்று பெயர். அண்ணனிடம் இருப்பது ஒவ்வொன்றும் பெரிய பெரிய கோப்புகள். அக்காவிடம் இருப்பது பில் ஸ்கேன், ரசீது, லெட்ஜர் என்று பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில். ஒரே வீட்டில் யானையும் எறும்பும் மாதிரி. இது பின்னால் முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சோம்பேறி அல்ல. ராத்திரி 10 மணிக்கு மேசை மேல் இருக்கும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி, பேக்கப் சாப்ட்வேரில் 'ஸ்டார்ட்' அமுக்கிவிட்டுத்தான் படுக்கப் போவார். காலை 6 மணிக்கு எடிட்டிங்கில் உட்காருவார். பேக்கப் ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகரும். 'சரி, பெரும்பாலும் முடிஞ்சிருக்கும்' என்று கேன்சல் அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். டிஸ்க்கில் லைட் எரிந்தது, கோப்புகள் ஓடியது கண்ணால் பார்த்தாயிற்று. வேறென்ன வேண்டும்?

ஒரு மாசி மாதம், முகூர்த்த சீசன் நடுவில், கம்ப்யூட்டருக்குள் இருந்த பெரிய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. மறுநாள் காணவே இல்லை. மைகம்ப்யூட்டரில் அந்த டிரைவே தெரியவில்லை. அண்ணன் பதறவில்லை. "பேக்கப் இருக்கு அம்மணி" என்று சிரித்துக்கொண்டே போர்ட்டபிள் டிஸ்க்கைத் திறந்தார். கடைசி போல்டர், போன ஆவணியில் எடுத்த கல்யாணம். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை, தை, மாசி எதுவுமே இல்லை. 14 கல்யாணங்கள்.

"ஏனுங்க, தினமும்தானே போட்டீங்க?" என்று அக்கா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

செத்த டிஸ்க்கைக் கோயம்புத்தூரில் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோனார்கள். 9 கல்யாணங்கள் வந்தன. மீதி 5-ல் 4 கல்யாணத்துக்கு, ஆல்பம் டிசைன் செய்பவருக்கு அனுப்பியிருந்த படங்கள் அவர் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. ஒரிஜினல் இல்லை, ஆனால் பிரிண்ட் போடுகிற அளவுக்குப் போதும். ஐந்தாவது கல்யாணம் நடந்து 6 நாள்தான் ஆகியிருந்தது. முதல் கேமராவின் கார்டை ஃபார்மேட் செய்து அடுத்த வளைகாப்புக்குக் கொண்டுபோயிருந்தார். இரண்டாவது கேமரா எடுத்த தம்பியின் கார்டு மட்டும் தப்பியது. அதில் தாலி கட்டுகிற காட்சி பக்கவாட்டில் இருந்து, அட்சதை போடும் கைகளுக்கு நடுவே, பாதி மறைந்து கிடைத்தது. பெண் வீட்டார் சண்டை போடவில்லை. பெண்ணின் அப்பா மட்டும், "நேரா எடுத்தது ஒண்ணு கூட இல்லீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணன் பாக்கிப் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க மாடியில் சத்தமே இல்லை.

இதற்கு மேல்தான் விஷயமே. பொதுவாக இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வார்கள்? இன்னும் பெரிய டிஸ்க் ஒன்றை வாங்குவார்கள். அண்ணனும் அதற்குத்தான் கிளம்பினார். அக்கா விடவில்லை. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் புது லெட்ஜர் வாங்குவதில்லை, வித்தியாசம் எங்கே என்று தேடுவதுதான் வழக்கம். (பி.காம். முதல் வருடத்தில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று வரும். வித்தியாசத்தை அதில் போட்டு மூடிவிட்டுத் தூங்கலாம். அண்ணன் காலையில் அமுக்கிய கேன்சல் பட்டன் அதேதான்.)

முதலில் பேக்கப் சாப்ட்வேரின் லாக்கைத் திறந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வரி: பயனாளர் நிறுத்திவிட்டார், 62 சதவீதம். மறுநாள் 61. அதற்கு மறுநாள் 62. மாதக்கணக்கில் இதே கதை. அக்கா கால்குலேட்டரை எடுத்தார். மொத்தம் 1.4 டிபி. ராத்திரி 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரம். விநாடிக்கு 30 எம்பி என்றால் 8 மணி நேரத்தில் 864 ஜிபி. 1,400-ல் 864 கிட்டத்தட்ட 62 சதவீதம். டேலி!

இதில் இரண்டு தப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. ஒன்று, அந்த சாப்ட்வேர் ஒவ்வொரு ராத்திரியும் மொத்தத்தையும் முதலிலிருந்து காப்பி செய்கிற மாதிரி செட் செய்யப்பட்டிருந்தது. நேற்றுப் போனதையே இன்றும், இன்று போனதையே நாளையும். இரண்டாவது, போல்டர்களுக்குப் பெயர் தேதியில் வைத்திருந்தார். வருடம், மாதம், நாள். நல்ல பழக்கம்தான். ஆனால் சாப்ட்வேர் பெயர் வரிசையில் காப்பி செய்தது. அதாவது மிகப் பழைய கல்யாணம் முதலில், நேற்று எடுத்தது கடைசியில். விடிவதற்குள் வரிசையின் வால் வரை போய்ச் சேர்வதே இல்லை. ஆல்பம் கொடுத்து, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்குக் காதுகுத்தும் ஆன தம்பதியின் படம் தினமும் பத்திரமாகப் புதுப்பிக்கப்பட்டது. போன வாரக் கல்யாணம் ஒரு தடவைகூட பேக்கப் ஆகவில்லை.

மொத்த டேட்டா 860 ஜிபிக்குள் இருந்தவரை எல்லாம் விடிவதற்குள் முடிந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டிய நாளில் மணி எதுவும் அடிக்கவில்லை. மெதுவான பேக்கப்பின் ஆபத்து இதுதான். அது உடைந்துபோவதில்லை, பாதியில் நின்றுபோகிறது. உடைந்தால் தெரியும். பாதியில் நின்றால், லைட் எரிவதைப் பார்த்து ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

சரி, விநாடிக்கு 30 எம்பி ஏன்? அந்த டிஸ்க்கின் டப்பாவில் யூஎஸ்பி 3.0 என்றுதான் போட்டிருந்தது. அதற்கு 5 ஜிபிபிஎஸ் என்று கணக்கு. பழைய யூஎஸ்பி 2.0-க்கு 480 எம்பிபிஎஸ்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே 480-ஐ 8-ஆல் வகுத்தால் 60 மெகாபைட். அதிலும் பேச்சுவார்த்தைச் செலவெல்லாம் போகக் கைக்கு வருவது 30, 35 தான். கிராஸ் சம்பளத்துக்கும் கைக்கு வரும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம். பிராட்பேண்ட் '100 எம்பி' என்று விளம்பரம் போட்டுவிட்டு டவுன்லோடு 12-ல் நிற்பதும் இதனால்தான். பாதிச் சண்டைகள் இந்த எட்டால் வகுக்காததால் வருபவை.

ஆக 30 என்றதும் யூஎஸ்பி 2.0 வாசனை அடித்தது. அக்காவின் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொன்னார்கள். வந்ததும் வராததுமாக, "மாமா முன்னாடி இருக்கற போர்ட்ல சொருகியிருப்பாருங்கத்தை, பின்னாடி நீலக்கலர் போர்ட்ல போட்டா சரியாயிரும்" என்றான். சொருகினார்கள். அதே 30. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அக்காவின் முறை வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிவிட்டு எழுதி வை. 10 ஜிபி உள்ள ஒரே ஒரு கல்யாண வீடியோவை எடுத்து, அதையே திரும்பத் திரும்பக் காப்பி செய்து பார்த்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு விநாடிக்கு 140. ஆக, படிக்கிற பக்கம் குறையில்லை. ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போர்ட்டபிளுக்குப் போட்டால் 30. வேறு போர்ட்டில் 30. கடைசியில் மாற்றாமல் மிச்சம் இருந்தது ஒயர் மட்டும்.

ஒயரைப் பார்த்த பையன் சிரித்துவிட்டான். அது பழைய போன் சார்ஜர் ஒயர்! யூஎஸ்பி 3.0 போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில் ஒயர் சொருகும் இடம் அகலமாக, நடுவில் ஒரு பிளவோடு இருக்கும். அதன் ஒரு பாதியில் பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் ஒயர் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். வேலையும் செய்யும். ஆனால் 2.0 வேகத்தில்தான் செய்யும், ஏனென்றால் வேகமான பாதைக்கான கம்பிகள் மற்றப் பாதியில் இருக்கின்றன. ஒரிஜினல் ஒயர் ஏதோ ஒரு மண்டபத்தில் தொலைந்துபோய், அண்ணன் கையில் கிடைத்ததைச் சொருகியிருக்கிறார். சொருகினால் ஓடுகிறதே, யாருக்குச் சந்தேகம் வரும்? சொருக முடியாமல் போயிருந்தால் அன்றைக்கே கடைக்குப் போய்ப் புது ஒயர் வாங்கியிருப்பார்.

புது ஒயர் 200 ரூபாய்கூட ஆகவில்லை. வேகம் 110. 13 மணி நேர வேலை மூன்றரை மணி நேரமாகிவிட்டது. அண்ணன் அந்தப் பழைய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

(எல்லாருக்கும் காரணம் ஒயராகத்தான் இருக்கும் என்பதில்லை. சில டிஸ்க்குகள் ஆரம்பத்தில் ஜோராக ஓடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். எஸ்எம்ஆர் என்று ஒரு முறை. கூரை ஓடு மாதிரி தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து எழுதுவது. நிறையக் கொள்ளும், ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டும். எந்தெந்த மாடலில் இது இருக்கிறது என்று டப்பாவில் சொல்லாமலே விற்றார்கள் என்று 2020-ல் பெரிய பஞ்சாயத்து நடந்து, பிறகுதான் தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிட்டார்கள்.)

இப்போது எறும்புக் கதை. அக்காவின் கணக்கு போல்டர் மொத்தமே 6 ஜிபி. அண்ணனின் ஒரு வீடியோ அளவுகூட இல்லை. அதே புது ஒயர், அதே டிஸ்க். 6 ஜிபி வீடியோ 1 நிமிடத்தில் முடிந்தது. 6 ஜிபி கணக்குக்கு 1 மணி நேரத்துக்கு மேல் ஆனது! காரணம், அதில் 80,000 கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுது, இடம் தேடு, தேதி குறி, ஆண்டிவைரஸ் ஒரு தடவை முகர்ந்து பார்க்கட்டும், மூடு, அடுத்தது. 1 லட்ச ரூபாய்க்கு ஒரு வவுச்சர் போடுவதும் 100 ரூபாய்க்கு 1,000 வவுச்சர் போடுவதும் தொகையில் ஒன்றுதான். எழுதுகிறவர் கையைக் கேட்டால் தெரியும். அதற்கு வைத்தியம், ராத்திரி எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, அன்றைய தேதியைப் பெயராகப் போட்டு அனுப்புவது. இதில் கூடுதல் லாபமும் உண்டு. செவ்வாய்க்கிழமை செய்த தப்பான பதிவை வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தால், திங்கட்கிழமைக் கோப்பு தனியாக இருக்கிறது.

அக்காவுக்கு இதில் அவசரம் வேறு காரணத்துக்காகவும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் 8 நிதியாண்டுகள். அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் பிரைவேட் லிமிடெட். கம்பெனிகளின் மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் பேக்கப் இருக்க வேண்டும் என்ற விதியில் முன்பு 'அவ்வப்போது' என்று இருந்தது. 2022 ஆகஸ்டில் அதை 'தினமும்' என்று திருத்திவிட்டார்கள். 'அவ்வப்போது' என்ற வார்த்தைக்குள் எத்தனை கேன்சல் பட்டன்களை ஒளித்துவைக்கலாம் என்று விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் எத்தனை வேகமான ஒயர் வாங்கினாலும் ஒரு பிரச்சினை தீராது. யாராவது ஞாபகமாகச் சொருக வேண்டும். அண்ணன் வெளியூர்க் கல்யாணத்துக்கு மூன்று நாள் போனால் மூன்று நாளும் பேக்கப் இல்லை. போதாக்குறைக்கு, போர்ட்டபிள் டிஸ்க் இருப்பது அதே மேசையில். கம்ப்யூட்டரைத் தூக்குகிற திருடன் அதை மட்டும் விட்டுவிட்டுப் போவானா? இங்கேதான் வீட்டு நெட்வொர்க் வருகிறது. பூஜை அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் பழைய டெஸ்க்டாப் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதில் புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, லினக்ஸ் ஏற்றி, மாடியும் கீழும் தானாகவே அங்கே போய்ச் சேர்கிற மாதிரி செய்யலாம் என்று முடிவானது.

முதலில் வைபையில் முயன்றார்கள். விநாடிக்கு 4 எம்பி! மீட்டது எல்லாம் சேர்த்து அப்போது 1.2 டிபி இருந்தது. முதல் தடவை முழுசாகப் போய்ச்சேர மூன்றரை நாள் ஆகும். ரூட்டர் முன் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். மாடிக்கும் அதற்கும் நடுவே கான்கிரீட் தளம். ஸ்டோர் ரூமுக்கும் அதற்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. வைபை என்பது காற்றில் போகிற விஷயம், ஒரே அறையில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிற மாதிரி. போனில் படம் பார்க்க ஓகே. ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒயர் இழுப்பதுதான் உத்தமம்.

இழுத்தார்கள். கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று, கேட்-6 ஒயர், மாடிப்படி ஓரமாகப் பட்டிக்குள் விட்டு, கரண்ட் ஒயரை ஒட்டாமல். ஒரு நெட்வொர்க் ஒயர் 100 மீட்டர் வரை போகலாம், வீட்டுக்கு அது தாராளம். முனையில் பையனே ஜாக் கிரிம்ப் செய்தான். எல்லாம் முடிந்து காப்பி போட்டால்... 11. சரியாக 11 எம்பி. முப்பது மணி நேரம்.

இந்தத் தடவை யாரும் ஊகிக்கவில்லை. அக்காவே வகுத்துப் பார்த்தார். 11-ஐ 8-ஆல் பெருக்கினால் 88. "தம்பி, இது 100 எம்பிபிஎஸ் கணக்குல வருது. 1,000 வரணுமில்ல?" நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்தால் ஆமாம், வேகம் 100 என்றே போட்டிருந்தது. ஒயருக்குள் 8 கம்பிகள், நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். பையன் அடித்த ஜாக்கில் ஒரு கம்பி முள் வரை போய் உட்காரவில்லை. இரண்டு பெட்டிகளும் பேசிப் பார்த்துவிட்டு, 'சரி, இருப்பதை வைத்து மெதுவாகப் போவோம்' என்று சத்தமில்லாமல் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறுபடியும் அதே கதை! போன் ஒயர் செய்த அதே வேலை. ஓடவில்லை என்று சொல்லாமல், மெதுவாக ஓடிக் காட்டுவது.

ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தான். 105. அன்று ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்தது, 12 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அண்ணன் தூங்காமல் மாடியில் உட்கார்ந்து 100 சதவீதம் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் இறங்கினாராம்.

நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் கரண்ட் போய் வந்தது. அன்று பேக்கப் இல்லை. பெட்டி ஓடுகிறது, ஒயர் சரி, ஆனால் ஆளைக் காணோம். ரூட்டர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் கொடுக்கிறது, தங்கும் விடுதியில் ரூம் நம்பர் மாதிரி. கரண்ட் போய் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தபோது யாருக்கோ யாருடைய ரூமோ போய்விட்டது. முன்பு பெட்டி இருந்த நம்பரில் இப்போது பெரியம்மாவின் போன். ரூட்டர் செட்டிங்கில் இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த நம்பர்தான் என்று ரிசர்வ் செய்ததும் தீர்ந்தது. ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் பெட்டிக்கும் சேர்த்துச் சின்ன யூபிஎஸ் ஒன்றும் வந்தது.

அடுத்து யார் யாருக்கு அனுப்புவது என்ற கேள்வி. சாதாரணமாக, மாடிக் கம்ப்யூட்டரில் பேக்கப் பெட்டியை ஒரு டிரைவ் மாதிரி இணைத்து, இங்கிருந்து அங்கே தள்ளுவார்கள். வசதிதான். ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஓடியது ஞாபகமிருக்கிறதா? கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. விண்டோஸ் கோப்புப் பகிர்வின் மிகப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. அந்த மாதிரி ஒன்று மாடிக் கம்ப்யூட்டரில் நுழைந்தால், இணைத்து வைத்த டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதனால் பையன் தலைகீழாகச் செய்தான். மாடியும் கீழும் எதையும் அனுப்பாது. ராத்திரியானால் ஸ்டோர் ரூம் பெட்டியே வந்து, படிக்க மட்டும் அனுமதி உள்ள கணக்கில் நுழைந்து, புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகும். பால் சொசைட்டி வண்டி வீடு வீடாக வந்து பால் எடுத்துப் போகிற மாதிரி. சொசைட்டியின் சாவி மாட்டுக்காரரிடம் கிடையாது.

இதற்கு அவன் வைத்தது சாம்பாவும் (சம்பா அரிசி அல்ல!) ஆர்சிங்க்கும். இரண்டும் இலவசம். சாம்பாவைத் தொடங்கியவரும், 1996-ல் பால் மெக்கராஸுடன் சேர்ந்து ஆர்சிங்க்கைக் கொண்டுவந்தவரும் ஒரே ஆள்தான், ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஈரோட்டில் ஒரு ஸ்டோர் ரூமில் தன் புண்ணியத்தில் கல்யாண போட்டோக்கள் பத்திரமாக இருப்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா பிடிவாதமாக இருந்தார். இங்கே இருப்பது அங்கே, இங்கே அழித்தால் அங்கேயும் அழி என்கிற கண்ணாடி பிம்பம் வேண்டாம். தவறுதலாக அழித்ததையும் அது விசுவாசமாக அழித்து வைக்கும். அது பேக்கப் அல்ல, எதிரொலி. எனவே ஒவ்வொரு நாளின் நிலவரமும் தனித்தனித் தேதியில் நிற்கிற மாதிரி வைத்தார்கள். மாறாத கோப்பு ஒருமுறைதான் இடத்தைப் பிடிக்கும் என்பதால் டிஸ்க் நிரம்பி வழியவில்லை.

மூன்றாவது பிரதி கோபியில் அண்ணனின் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பழைய போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றும் புதிது ஒன்றும், மாதம் ஒருமுறை மாற்றி மாற்றிப் பயணம் போகின்றன. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில் என்ற இந்தக் கணக்கைப் பிரபலப்படுத்தியவர் பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். கம்ப்யூட்டர் இன்ஜினியர் அல்ல, நம் ஸ்டுடியோ அண்ணனின் ஜாதி. 'டாய் ஸ்டோரி 2' படமும் இப்படித்தான் பிழைத்தது. 1998-ல் பிக்ஸாரில் யாரோ ஒரு கட்டளை தட்டப் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. பேக்கப்பைத் திறந்தால் அது ஒழுங்காக வேலையே செய்யவில்லை. கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தார். அதைக் காரில் வைத்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய ஸ்டுடியோவிலேயே பேக்கப்பைத் திறந்து பார்த்தது தேவைப்பட்ட அன்றைக்குத்தான்.

அக்கா மாதக் கடைசியில் பேங்க் ரீகன்சிலேஷன் போடும் அன்றைக்கே இதையும் சேர்த்துக்கொண்டுவிட்டார். கண்ணை மூடி ஒரு கல்யாணத்தைத் தேர்ந்தெடுப்பார். ஸ்டோர் ரூம் பெட்டியிலிருந்து அதைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கி, நான்கைந்து படங்களைத் திறந்து பார்ப்பார். பழைய ஜிப் ஒன்றைப் பிரித்து, ட்ரையல் பேலன்ஸ் எடுத்துப் பார்ப்பார். பிறகு நோட்டில் தேதி போட்டு ஒரு டிக். இரண்டாம் மாதமே ஒன்று மாட்டியது. அண்ணன் புதிதாக வாங்கிய சின்ன டிஸ்க் ஒன்றில் வீடியோக்களைத் தனியாக வைக்க ஆரம்பித்திருந்தார். பெட்டிக்கு அந்த டிஸ்க் இருப்பதே தெரியாது. "சொல்ல மறந்துட்டேன் அம்மணி" என்றார். அக்கா முறைத்ததில் அன்று மதியச் சாப்பாடு அமைதியாக நடந்ததாகப் பையன் சொல்கிறான்.

இப்போது ராத்திரி 10 மணிக்குப் பெட்டி கிளம்புகிறது. கல்யாணம் இருந்த நாள் என்றால் 40 ஜிபி, ஏழெட்டு நிமிடம். இல்லாத நாளில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. முடிந்ததும் அக்காவின் போனுக்கு ஒரு மெசேஜ் வரும், எத்தனை கோப்பு, எத்தனை ஜிபி என்று. அண்ணன் கார்டுகளை அந்த மெசேஜ் வந்த பிறகுதான் ஃபார்மேட் செய்கிறார். அக்கா தலையாட்டினால்தான் ஃபார்மேட்.

வீட்டில் இன்னும் பேக்கப்புக்குள் வராதது ஒன்றுதான். பெரியம்மாவின் போன். பேரன் பேத்தி படங்கள் 11,000 இருக்கின்றனவாம், அதில் ஒன்றைக்கூட அழிக்கவும் விடமாட்டார், போனை யார் கையிலும் கொடுக்கவும் மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் முயற்சி செய்து பார்க்கிறேன் என்றிருக்கிறான்.